அண்ணன் கையை உதறவில்லை

அண்ணனின் முதலாண்டு நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் சிநேகிதர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். பிறந்த ஊர், பட்ட பாடு, எடுத்த நல்ல பேர் என்று வரிசையாக எழுதி, கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். நானும் அதையெல்லாம் எழுதத்தான் போகிறேன். ஆனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளில் ஒரு தைப்பொங்கலுக்கு நடந்த சடுகுடு ஆட்டத்தில் என் அண்ணன் தன் கூட்டாளியின் கையை உதறவில்லை. உதறினார் என்று ஊரே பேசியது. போடியில் பெரியவர்கள் பலர் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று பிடியை விட்டவர் வேறு ஆள். அவர் என் கணவர்.

இதை மலரில் போடலாமா என்று அண்ணனின் மூத்த மகன் தயங்கினான். "அத்தை, அப்பாவோட மன உறுதியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க. 'மலை போல் நின்றவர்'னு தலைப்புப் போட்டுரலாம்" என்றான். மலையில் மூட்டை தூக்கி ஏறியவரை மலை என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. மலை என்ன பாடு பட்டது? பட்டது எல்லாம் அவர்தான். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன், இல்லையென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். மருமகன் வாயை மூடிக்கொண்டான். நல்ல பிள்ளை.

அண்ணன் பிறந்தது போடிக்கு மேற்கே, முந்தலுக்குப் போகும் சாலையோரத்தில். எங்கள் அப்பா சுமைகாரர். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் என்று மலைத் தோட்டங்களுக்கு வேண்டியதைத் தலைச்சுமையாக ஏற்றுவார். திரும்பும்போது ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். அண்ணனுக்கு மீசை அரும்புவதற்கு முன்பே அப்பா மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அப்பாவின் சும்மாட்டுத் துணியை அண்ணன் எடுத்துத் தன் தலையில் சுற்றிக்கொண்டார். அம்மா கமிஷன் கடையில் ஏலக்காய் பொறுக்கப் போனார். என்னை மட்டும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விட்டு நகர விடவில்லை. "பொட்டப்பிள்ளையப் படிக்க வச்சு என்னத்தப்பா செய்யப் போற?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "டீச்சராக்கப் போறேன். ஒங்க பேரப்பிள்ளைக எல்லாம் அவகிட்டத்தேன் அடி வாங்கப் போகுதுக."

சொன்னபடியே செய்தார். ஆசிரியப் பயிற்சிக்கு என்னை அனுப்பியது அவருடைய தலைச்சுமைதான். அங்கே போய் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். முதல் முறையாகப் பிள்ளைகள் முன்னால் நிற்க வைத்தபோது படித்து வைத்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஒரு சொல் வரவில்லை. பின்வரிசைப் பயல்கள் சிரித்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன், நானும் காய் பொறுக்கப் போகிறேன் என்று அழுதேன். அண்ணன் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கிக் காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்காமல் கேட்டார்.

"எம்புட்டுப் பேரப் பாத்த?"

"எல்லாரையும்தாண்ணே பாத்தேன்."

"அதான் தப்பு. சுமையோட ஏறும்போது உச்சியப் பாத்தா அங்கனயே உக்காந்துருவோம் ஆத்தா. முன்னாடி போறவன் குதிகாலை மட்டும் பாக்கணும். நீ முன் பெஞ்சுல ஒரு பிள்ளைய மட்டும் பாரு. அதுக்கு மட்டும் சொல்லு."

நான் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தேன். எந்த வகுப்பிலும் முதலில் ஒரு பிள்ளையைத்தான் பார்ப்பேன். மனத் திடத்தைப் பற்றி இப்போது பெரிய மண்டபங்களில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம். எனக்கு அது உப்பும் அட்டையுமாகக் கிடைத்தது.

அண்ணனுக்குச் சடுகுடு என்றால் உயிர். அவருக்குப் பயிற்சிக் களமும் மலைப்பாதைதான். தலையில் மூட்டையோடு முந்தலைத் தாண்டியதும் மூச்சை இழுத்துப் பிடித்து "சடுகுடு சடுகுடு" என்று பாட ஆரம்பிப்பாராம். மூச்சு அறுந்தால் அந்த வளைவில் நின்று, மறுபடி அடுத்த வளைவுக்குப் பாடுவாராம். கூட வருகிறவர்கள், "ஏலே, மூட்டையோட சேத்து உசிரையும் எறக்கி வச்சிராத" என்று கிண்டல் பண்ணுவார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் பாடிப் பாடியே, ஆடுகளத்தில் எதிராளி மூச்சுத் தீர்ந்து கிடக்கும்போதும் இவர் சாவகாசமாகப் பாடிக்கொண்டிருக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

எங்கள் ஊர் அணியில் பாதிப் பேர் சுமைகாரர்கள். அதனால் அவர்களுக்கென்று ஒரு பிடி உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மழையில் மலைப்பாதை வழுக்கும். ஓடையில் இறங்கும்போது விரலோடு விரல் கோத்தால் ஈரத்தில் நழுவிவிடும். அதனால் மேட்டில் நிற்பவர் இறங்குகிறவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். பிடிபட்டவர் திருப்பிப் பிடிக்கக் கூடாது. கையை விரித்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஒருவர் சறுக்கினால் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே மணிக்கட்டைக் கொடுப்பவர் உயிரையே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறார். இந்தப் பிடியை அப்படியே சடுகுடுக் களத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எதிர் அணிகளெல்லாம் விரல் கோத்து நிற்கும், இவர்கள் மணிக்கட்டைப் பிடித்து நிற்பார்கள். "என்னப்பா, நாடி பாக்குறீகளா?" என்று ராசிங்காபுரத்துக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். தோற்றுப் போகும்போது கேலி நின்றுவிடும்.

அண்ணன் எப்போதும் ஓரத்தில் நிற்பார். பாடி வருபவரின் காலில் பாய்வது அவர் வேலை. அவர் மணிக்கட்டைப் பிடித்து நங்கூரம் மாதிரி நிற்பது எங்கள் அத்தை மகனின் வேலை. அவரும் சுமைகாரர்தான். சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒருவரையொருவர் 'மாப்ளே' என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரே மூட்டையை மாற்றி மாற்றித் தூக்கியவர்கள். அந்தப் பொங்கலுக்கு முந்தின கார்த்திகையில்தான் எனக்கும் அவருக்கும் பரிசம் போட்டிருந்தது. எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதி என்ன ஆகப் போகிறது?

அணிக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவர் ஒரு கமிஷன் கடை முதலாளி. அவருக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்று இருந்தது. அங்கே ஒரு நிரந்தர ஆள் வேண்டும், அண்ணனைத்தான் வைக்கப் போகிறேன் என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார். தலைக்கு மேல் கூரை, தலையில் சுமை இல்லாத வேலை. அம்மா அதற்காகப் பரமசிவன் கோயில் மலைக்குக்கூட ஏறிவிட்டு வந்தார்.

அந்தப் பொங்கலுக்கு மலைத் தோட்டத்து அணி இறங்கி வந்திருந்தது. அவர்களில் ஒரு மலையாளத்துக்காரர், பனை உயரம், எல்லோரும் சேட்டன் என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். பாடி வந்தால் பிடிக்கிறவர்களின் நெஞ்சிலும் தோளிலும் முழங்காலைக் கொடுத்துத் தட்டிவிட்டுப் போவார். அன்றைக்கே எங்கள் ஆள் ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவர் போட்ட சத்தம் வரப்பில் நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது. கடைசியில் எங்கள் பக்கம் களத்தில் மிச்சம் இரண்டு பேர், அண்ணனும் என் கணவராகப் போகிறவரும். சேட்டன் பாடி வந்தார். பிடித்துவிட்டால் எங்களுக்கு வெற்றி.

அண்ணன் பாய்ந்தார். கணுக்காலைப் பிடித்துவிட்டார். ஊரே எழுந்து கத்தியது. அடுத்த நொடி புழுதி. புழுதி அடங்கியபோது அண்ணன் குப்புறக் கிடந்தார், சேட்டனின் கை நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. பிடித்து நிற்க வேண்டியவர் நாலடி தள்ளித் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

நான் வரப்பில் நின்றிருந்தேன். எனக்குப் புழுதிதான் தெரிந்தது. அதன் பிறகு நடந்ததைக் காதால் கேட்டேன். அணித் தலைவர் ஓடிவந்து, "எவன்டா கையை விட்டது?" என்று கத்தினார். என் கணவர் சொன்னார்: "அவந்தேன் உதறிட்டான். தனியா அமுக்கிப் பேரு வாங்கப் பாத்தான்."

அண்ணன் வாயில் இருந்த மண்ணைத் துப்பினார். சொன்னவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெண்கள் நின்ற வரப்புப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "சரி விடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு குற்றம் அவர் தலையில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். நகம் இழுத்த கோடுகள் வரிசையாகச் சிவந்திருந்தன. மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து வைத்தேன். "என்னண்ணே இது?" என்றேன். "முள்ளு கீறிருச்சு ஆத்தா" என்றார். அறுவடையான வயலில் ஏது முள்? நான் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் அது முள்தான் எனக்கு.

ஸ்டோர் வேலை கை மாறியது. "தன் பேருக்கு ஆடுறவன் நமக்கு எதுக்கு?" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அந்த வேலைக்கு யாரை வைத்தார் தெரியுமா? என் கணவரைத்தான். வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். பந்தல்கால் ஊன்றியது முதல் பந்தியில் கடைசி இலை எடுத்தது வரை அண்ணன்தான். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும்போது, "மாப்ளே, வெரல நீட்டுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த மலருக்கு நான் கொடுத்த கல்யாணப் புகைப்படத்தில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அதில் விவரம் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஊர் அவருக்கு 'உதறி' என்று பேர் வைத்தது. கடைத்தெருவில் நடந்தால், "ஏய் உதறி!" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். நானாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அண்ணன் நின்று, திரும்பி, "என்னப்பா, சொல்லு" என்று பதில் சொல்வார். நிஜமாகவே சோலி இருந்து கூப்பிட்டது போலக் காத்து நிற்பார். கூப்பிட்டவன் அசடு வழியப் போய்விடுவான். "ஏண்ணே அந்தப் பேருக்குத் திரும்புற? ரோசம் இல்லையா ஒனக்கு?" என்று ஒருநாள் சண்டை போட்டேன். "திரும்பாமப் போனாத்தேன் அவன் செயிச்சான். திரும்பிட்டா அது வெறும் பேருதான ஆத்தா" என்றார். எனக்கு அன்றைக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. என் பள்ளிக்கூடத்தில் கேலிக்கு அழுத பிள்ளைகளுக்கெல்லாம் இதையே சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊர் அணியில் அவருக்கு இடமில்லை. களத்தோரம் போய் நின்று பார்க்கலாம், அல்லது மலைமேலேயே இருந்துவிடலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. பக்கத்து ஊரான சிலமலையின் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது; போய்க் கேட்டார், சேர்த்துக்கொண்டார்கள். போடி அணிக்கு எதிராக அவர் களத்தில் இறங்கியதும் எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட ஊளை, அம்மாடி, காது கொண்டு கேட்க முடியவில்லை. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. பக்கத்தில் நின்ற பெண் என்னைக் கிள்ளி, "ஒங்க அண்ணனுக்கு மானமே இல்லையாடி?" என்றாள். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியும், அவர் குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாடிக்கொண்டு வந்தவர் என் கணவர். தன் பக்கத்தில் நின்ற சிலமலை இளவட்டத்தின் மணிக்கட்டை இந்த முறை அண்ணனே பிடித்துக்கொண்டார். அந்தப் பையன் பாய்ந்தான், அண்ணன் காலை ஊன்றி நின்றார். என் கணவர் திமிறினார், இழுத்தார், உதைத்தார். ஒரு உதை அண்ணனின் உதட்டைக் கிழித்தது. பிடி அசையவில்லை. என் கணவரின் மூச்சு அறுந்தது. சிலமலை செயித்தது. அண்ணன்தான் குனிந்து கைகொடுத்து, என் கணவரைத் தூக்கி நிறுத்தினார்.

இதற்குப் பிறகாவது ஊர் வாயை மூடும் என்று நினைத்தேன். எங்கே! "பாத்தியா, அடுத்தவனுக்குன்னா நல்லாத்தேன் பிடிக்கான். நம்ம ஊருக்குத்தேன் உதறுவான்" என்றார்கள். தோற்றபோதும் குற்றம், செயித்தபோதும் குற்றம். முந்தல் சாலையில் டீக்கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான் ஆரம்பத்திலிருந்து நம்பவே இல்லை. "தங்கச்சி, குப்புற விழுந்து கெடக்கவன் மணிக்கட்டுப் பிடிய எப்புடி உதற முடியும்? முழங்கைய மடக்கவே தோதில்லையே. நாஞ் சொன்னா எவன் கேக்குறான்?" என்று என்னிடமே சொன்னார். நான் அதைப் போய் என் வீட்டில் சொன்னேன். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாய்க்குச் சடுகுடுவப் பத்தி என்னத்தத் தெரியும்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு அண்ணனின் வாழ்க்கை நீங்கள் எல்லோரும் பார்த்தது. தலைச்சுமை போனது, ஜீப்பும் லாரியும் வந்தன. மலைமேல் ஒரு தோட்டத்தில் காவலுக்குப் போனார். குளிர் ஏறி முழங்கால் இரண்டும் வீங்கின. அண்ணனைக் கட்டி வந்த மதினி அங்கேயே ஏலக்காய் எடுக்கப் போனார். கோதுமைக் கஞ்சியை ஊற்றி இரண்டு பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். ஸ்டோர் வேலையில் இருந்த என் கணவருக்குச் சொந்த வீடு வந்தது. எங்களுக்குக் கூரை வந்த வழியில்தான் அண்ணன் முழங்கால் போனது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வேன். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கடைசி மாதங்களில் அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தபோது என் கணவர் நாள் தவறாமல் வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். எப்பேர்ப்பட்ட சிநேகிதம் என்று நான் மதினியிடம் சொல்லிக் கண்கலங்கினேன். மதினி குனிந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். போன பங்குனியில் ஒரு காலைப்பொழுதில் அண்ணன் சத்தமில்லாமல் அடங்கிவிட்டார்.

காரியம் முடிந்து, மலர் போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, சடுகுடுவைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றேன். தோற்ற ஆட்டத்தையும் எழுதுவேன், அதற்குப் பிறகு எப்படி நின்றார் என்பதுதானே பெருமை என்றேன். மதினிக்கு முகம் மாறிவிட்டது.

"அத மட்டும் எழுதாத தாயி."

"ஏன் மதினி?"

"பொய்ய அச்சடிச்சுக் கொடுக்கவா? அவுக உதறல. ஒங்க வீட்டுக்காரருதேன் விட்டது. எங்க கல்யாணம் முடிஞ்ச மறுமாசமே எங்கிட்டச் சொல்லிட்டாக. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாக."

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன்.

"கையை விட்டது யாருங்க?"

எந்தக் கை, எந்த ஆட்டம் என்று அவர் கேட்கவில்லை. இத்தனை காலமும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"நாந்தேன்."

"ஏன்?"

"பயந்துட்டேன். அந்தாளு முழங்காலு என் தோளுக்கு நேரா வந்துச்சு. கை தானா விட்ருச்சு."

"பயம் யாருக்கும் வரும். உதறிட்டான்னு ஏன் சொன்னீக? அதுவும் தானா வந்துச்சா?"

அவர் கண்ணாடியை மறுபடி துடைக்கப் போனார். நான் விடவில்லை. எத்தனை வருஷம் அந்த வாய்க்கு நான் சோறு போட்டிருக்கிறேன்!

"மறுநாளே அவன் காலைப் பிடிச்சு அழுதேன் புள்ள. ஊரக் கூட்டி உண்மையச் சொல்லிருறேன்னேன். அவந்தேன் வேணாம்னான். 'பரிசம் போட்டாச்சு, இப்பச் சொன்னா ஊரு ஒன்னயக் காறித் துப்பும், எந்தங்கச்சிதேன் அதையும் சேத்துச் சொமக்கணும். அவளுக்குத் தெரிய வேணாம். அவ தாங்க மாட்டா'ன்னான்."

"அவர் வேணாம்னா நீங்க விட்ருவீகளா? இதுல மட்டும் என் அண்ணன் பேச்சக் கேட்டீகளாக்கும்!"

அவர் அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "எதையும் தாங்குற மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தாங்கினார், வாஸ்தவம். ஆனால் அது அவர் மூட்டை இல்லை. இன்னொருவர் மூட்டையை ஆயுசு பூராவும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். இறக்கி வைக்கத் தெரியாமல் இல்லை. இறக்கினால் அது என் காலில் விழும் என்று நினைத்தார். உறவுக்காரர்களே, உங்களைச் சத்தியமாகக் கேட்கிறேன், இதற்குப் பேர் மன உறுதியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கும்பிட்ட மன உறுதி இதுதானா என்று ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'திரும்பிட்டா அது வெறும் பேருதான' என்று அவர் சொன்னதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்! வெறும் பேராவது! என் கணவருடைய குற்றத்தின் பேர் அது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் என் கணவருக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பயந்துட்டேன்னு இருக்கத, 'வேர்வையில வழுக்கிருச்சு'ன்னு மாத்தலாமா?" என்று கேட்டார். இந்த வயதிலும்! நான் பேனாவை மூடிவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காப்பி போட்டால் அவருக்கும் ஒரு டம்ளர் வைக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

இனி நன்றி. கடைசி வரை அண்ணனைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டிய மதினிக்கு நன்றி. எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. சத்தியத்தைக் காப்பாற்றியவர் மேல் எவ்வளவு காலம் கோபப்பட முடியும் என்றும் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்ட மருமகன்கள் இருவருக்கும், மலைமேல் மெட்டிலிருந்து மழையில் இறங்கி வந்து பாடை தூக்கிய தோட்டத்து நண்பர்களுக்கும், அன்று தங்களோடு ஆட அவரைச் சேர்த்துக்கொண்ட சிலமலைக்காரர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சாப்பாடு செய்து அனுப்பிய டீக்கடை பாயின் பிள்ளைகளுக்கும் நன்றி. ஊரில் ஒருவர் நம்பினார் என்றால் அது உங்கள் வாப்பாதான். அவர் சொன்னதை நான் அன்றே இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் என்று இப்போது நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் என்னிடம் உண்மை சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

திதியன்று சாப்பிட வருகிறவர்களில் அன்று அந்த வயலில் ஊளையிட்ட யாராவது மிச்சம் இருந்தால், இலையில் உட்காரும் முன் அவர் படத்துக்கு முன்னால் நின்று, "நீ உதறலப்பா" என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். வேறு எந்த மரியாதையும் வேண்டாம்.

அண்ணே, எனக்குப் படிப்புக் கொடுத்தாய். பயந்து நின்றவளைப் பிள்ளைகள் முன்னால் நிமிர்ந்து நிற்க வைத்தாய். உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாய். ஊரே உன்னை நம்பாதபோதும் நீ உன்னை நம்பினாய். காலைப் பிடித்து அழுதவனையும் நம்பி என்னைக் கட்டிக்கொடுத்தாய். என்னை மட்டும் நீ நம்பவில்லையே அண்ணே. நான் தாங்கியிருப்பேன்.